நோயுற்ற தோழரும் நமது நாவும்

 

நம்மோடு வேலை செய்யும் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்தால் நாம் எவ்விதம் நடந்துகொள்ள வேண்டும் என்பதே இம்மாதப் பாடமாகும். கோத்தா திங்கியில் நம்மில் பலர் மளிகைக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் பிழைப்பு நடத்துகிறோம். காலை முதல் இரவு வரை ஒரே கூரையின் கீழ் நிற்கிற நாம், நம் வீட்டாரின் முகத்தைப் பார்ப்பதைவிட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அதிகம். ஆகவே இது நம் ஒவ்வொருவருக்கும் வேண்டிய பாடம்.

இன்ன கடையில் ரொட்டி போடும் பாய்க்குக் கான்ஸராம் என்று காலையில் ஒரு செய்தி வந்தால், அஸருக்குள் அது கடைத் தெரு முழுவதும் பரவிவிடுகிறது. செய்தியோடு மருந்துகளும் கிளம்பிவிடுகின்றன. பெலாலாய் காஜா இலையை அரைத்துக் குடிக்கச் சொல்கிறார் ஒருவர். டுரியான் பெலண்டா என்னும் முள்சீத்தா இலையைக் கொதிக்க வை என்கிறார் இன்னொருவர். ஆப்ரிகாட் கொட்டையைத் தின்றால் கட்டி கரையும் என்று கைப்பேசியில் வந்ததைக் காட்டுகிறார் மூன்றாமவர். கருஞ்சீரகமும் தேனும் போதும், ஆஸ்பத்திரி மருந்து உடம்பைக் கெடுக்கும் என்று சொல்பவரும் உண்டு. இவர்களில் ஒருவரும் பகைவர் அல்லர். எல்லோரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆயினும், அன்பினால் சொல்லப்பட்டது என்பதற்காக ஒரு சொல் நன்மையாகிவிடாது.

நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: மருந்து சொல்வதை டாக்டரிடம் விட்டுவிட்டு, நம் கையால் ஆகிற வேலையை நாம் செய்ய வேண்டும்.

1. மருந்து சொல்லத் துடிப்பது ஏன்?

கான்ஸர் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குப் பயம் உண்டாகிறது. எதிரே நிற்பவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சும்மா நிற்கவும் மனம் இடம் கொடுப்பதில்லை. அந்த நேரத்தில் ஒரு மூலிகையின் பெயரைச் சொல்லிவிட்டால், ஏதோ உதவி செய்துவிட்டோம் என்ற ஆறுதல் நமக்குக் கிடைக்கிறது. கவனியுங்கள், அந்த ஆறுதல் கிடைப்பது நமக்கு, நோயாளிக்கு அல்ல.

நோயாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் பத்து மருந்து சொன்னால், பத்துப் பேருக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டால் பணம் செலவு. மறுத்தால், நல்லது சொன்னேன், கேட்கவில்லை என்று மனத்தாங்கல். சொன்னவர் முதலாளியாக இருந்துவிட்டால் சங்கடம் இன்னும் பெரிது. சம்பளம் கொடுப்பவர் சொல்லும் யோசனை, தொழிலாளியின் காதில் உத்தரவு போலவே விழும். ஆகையால் கல்லாவில் உட்காருகிறவர்கள் மற்றவர்களைவிட இரு மடங்கு நாவை அடக்க வேண்டும்.

2. யோசனைக்கு உள்ள விலை

யோசனை சொல்பவருக்குச் செலவில்லை, கேட்பவருக்குத்தான் செலவு. அந்தச் செலவு பணம் மட்டுமல்ல, காலமும் ஆகும். தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பல புற்றுநோய்களை அறுவை சிகிச்சையாலும், கதிர் சிகிச்சையாலும், கீமோ மருந்தாலும் குணப்படுத்த முடிகிறது. ஆனால் இலைச்சாறு குடித்துப் பார்க்கலாம் என்று நான்கு மாதம் கழிந்தால், கட்டி அந்த நான்கு மாதமும் சும்மா இருப்பதில்லை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர்கள் 2018-ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மார்பு, குடல், நுரையீரல், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் புற்றுநோய் வந்து, அது வேறு உறுப்புகளுக்குப் பரவாத நிலையில், ஆஸ்பத்திரிச் சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரை எடுத்துக்கொண்டார்கள். முறையான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, இவர்களுக்கு மரண ஆபத்து இரண்டரை மடங்காக இருந்தது. மார்புப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல்.

ஆப்ரிகாட் கொட்டையின் கதையும் தெரிந்திருக்க வேண்டியதே. அதிலுள்ள அமிக்டலின் என்ற பொருள் வயிற்றுக்குள் சென்றதும் சயனைட் என்னும் விஷத்தை உண்டாக்குகிறது. இந்தப் பொருளை லேட்ரில் என்ற பெயரால் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்த முடிவு 1982-இல் வெளியாயிற்று. கட்டி குறையவில்லை, ஆயுளும் நீளவில்லை, சிலருடைய இரத்தத்தில் சயனைட் ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன வழக்கை இன்று கைப்பேசி மறுபடியும் நம் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

3. மூலிகை மருந்தாவது எப்படி?

அப்படியானால் மூலிகையை இகழ்கிறோமா? இல்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். ஜமைக்காத் தீவில் அதன் இலையை நீரிழிவுக்குக் கஷாயமாகக் குடித்து வந்தார்கள். 1952-இல் அந்த இலைகள் கடிதத்தில் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தன. டாக்டர் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் ஆராய்ந்தபோது, நீரிழிவுக்கு அது பயன்படவில்லை. ஆனால் இரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்து 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் மருந்து கிடைத்தது. அதே செடியிலிருந்து எடுக்கப்பட்ட வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது.

இதில் நமக்குள்ள படிப்பினை யாது? செடியில் சரக்கு இருந்தது மெய். ஆனால் அதைப் பிரித்தெடுத்து, நிறுத்து, நோயாளியின் உடம்பை அளந்து, இத்தனை மில்லிகிராம் என்று நரம்பில் ஏற்றும்போதுதான் அது மருந்தாகிறது. அளவு கூடினால் அதுவே நஞ்சு. தராசு இல்லாமல் நாம் ஒரு கிலோ பருப்பு விற்பதில்லை. தராசே இல்லாத கஷாயத்தை ஒரு மனிதரின் உயிரின் மேல் எப்படி நிறுத்துக் கொடுப்பது?

அன்றியும், கீமோ மருந்தைச் செலவழித்து வெளியேற்றும் வேலையில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பெரும் பங்கு உண்டு. நாம் கொடுக்கும் சாறும் அங்கேதான் போய்ச் சேருகிறது. இரண்டும் மோதிக்கொண்டால், மருந்தின் வேகம் குறையலாம். அல்லது மிதமிஞ்சிப் போகலாம்.

4. மார்க்கம் காட்டும் வழி

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிமின் மேல் உள்ள கடமைகளில் ஒன்று. கருஞ்சீரகத்தின் நன்மை பற்றி நபிமொழி இருப்பதையும் நாம் அறிவோம். ஆனால் டாக்டரை விட்டுவிடு என்று அதில் இல்லை. நபி (ஸல்) அவர்கள் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் ஒரு வைத்தியரை அனுப்பி வைத்தார்கள் என்பதும் ஹதீஸில் வந்துள்ளது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர், அதனால் நேரும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தும் அங்கேயே உண்டு. துஆச் செய்வது நம் வேலை. வைத்தியரிடம் அனுப்பி வைப்பதும் நம் வேலை. வைத்தியராகிவிடுவது நம் வேலை அல்ல.

5. கையால் ஆகிற வேலைகள்

இனி, செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, போக்குவரத்து. நமது வட்டாரத்து நோயாளிகள் கதிர் சிகிச்சைக்கு ஜொகூர் பாருவிலுள்ள சுல்தான் இஸ்மாயில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். போக வர ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். கதிர் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரம் நடக்கும். ஒருவர் தம் காரில் செவ்வாய் தோறும் நான் அழைத்துப் போகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டால், அது பத்து மூலிகைக்கு மேலானது.

இரண்டாவது, வேலை நேரம். கீமோ ஏற்றிய பின் சில நாள் சோர்வும் குமட்டலும் இருக்கும். அடுப்படியின் எண்ணெய்ப் புகையும் தாளிக்கும் வாசனையும் அப்போது தாங்காது. அந்த நாட்களில் அவரைக் கல்லாவிலோ கணக்கு எழுதவோ வைத்து, அவர் முறையை நாம் பங்கிட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, காய்ச்சலும் தொற்றும். கீமோவினால் வெள்ளை அணுக்கள் குறையும்போது காய்ச்சல் 38 டிகிரி ஆனாலே அவசரம். பனடோல் போட்டுக்கொண்டு படுத்திரு என்று சொல்லாமல், நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நமக்குச் சளி, இருமல் இருந்தால் அவரைப் பார்க்கப் போகாமல் இருப்பதே அன்பு.

நான்காவது, உரிமைகள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்று இருந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த வேலைக்கு 14 நாள். ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். அதற்கு மேல் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை வேறு உண்டு. கே.டபிள்யூ.எஸ்.பி. சேமிப்பிலிருந்து கடும் நோய்க்குப் பணம் எடுக்கவும் வழி இருக்கிறது. வேலை செய்ய இயலாமற்போனால் பெர்கேசோவில் விண்ணப்பிக்கலாம். பாரம் நிரப்பத் தெரியாதவருக்கு அதை நிரப்பிக் கொடுத்து, ஆபீசுக்குக் கூடப் போவது பெரிய உபகாரம்.

ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்த தொழிலாளிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலும் கட்டணம் குடிமக்களுக்குள்ளதைப் போலன்றிப் பல மடங்கு. அவர் ஊர் திரும்பிச் சிகிச்சை பெற விரும்பினால், சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயன்று, 1954-இல் தொடங்கப்பட்டது அது. அந்தத் துயரத்தை அவர் ஆஸ்பத்திரி ஆக்கினார். பயணச் செலவுக்கும், இங்குள்ள மருத்துவத் தாள்களையெல்லாம் ஒழுங்காகச் சேர்த்துக் கொடுப்பதற்கும் நாம் முன்வரலாம்.

ஐந்தாவது, இரகசியம். நோய் அவருடையது, செய்தியும் அவருடையது. அவர் சொல்லச் சொன்னவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும். நோயாளி சகோதரியாக இருந்தால் இதில் இன்னும் கவனம் தேவை.

6. பேசும் முறை

"அண்ணே, நீங்கள் முன்பே இனிப்பைக் குறைத்திருக்க வேண்டும்" என்று சொல்வது, நோய்க்கு அவரையே குற்றவாளியாக்குவது. "என் மாமாவுக்கும் இதேதான், மூன்று மாதத்தில் மவுத்தாகிவிட்டார்" என்பதும் வேண்டாம். "அண்ணே, வியாழக்கிழமை கடையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்" என்பது போதும். ஏதாவது வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டால் கூச்சப்பட்டு ஒன்றும் வேண்டாம் என்பார். இன்னது செய்யட்டுமா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். போய்ப் பார்த்தால் சிறிது நேரம் இருந்து எழுந்துவிட வேண்டும்.

அவரே, "தம்பி, இந்த இலையைக் குடிக்கலாமா?" என்று கேட்டால், ஏளனம் செய்யாதீர்கள். "நமக்குத் தெரியாது அண்ணே, பொட்டலத்தோடு கொண்டுபோய் டாக்டரிடமோ மருந்து கொடுக்கும் பார்மசியிலோ காட்டுவோம், நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள். டாக்டரின் அனுமதியோடு பாரம்பரிய வைத்தியத்தைத் துணையாகப் பெறவும் வழி உண்டு. பினாங்கின் கப்பாளா பத்தாஸ் ஆஸ்பத்திரியில் 2007-இல் அத்தகைய பிரிவு தொடங்கப்பட்டது. துணை என்பது வேறு. பதிலாக என்பது வேறு. அவர் சிகிச்சையையே விட்டுவிட எண்ணினால், ஒரு முறை தெளிவாகவும் அன்பாகவும் நம் கவலையைச் சொல்லி, எது பயமுறுத்துகிறது என்று கேட்க வேண்டும். வலியா, செலவா, முடி கொட்டுவதா என்று தெரிந்தால் டாக்டரிடம் சேர்ந்து பேசலாம். அதற்குப் பின்னும் அவர் மாறவில்லையானால் தினந்தோறும் தர்க்கம் செய்யாமல், தோழமையை மட்டும் விடாதிருக்க வேண்டும். மனம் மாறும் நாளில் அவர் திரும்பி வர ஒரு வாசல் திறந்திருக்க வேண்டுமல்லவா?

7. வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

நம் கடைத் தட்டில் தேனும் கருஞ்சீரகமும் டப்பா மருந்துகளும் இருக்கின்றன. உணவுப் பொருளை உணவுப் பொருளாக விற்பது ஹலாலான வியாபாரம். கான்ஸர் தீரும் என்று சொல்லி விற்பது அப்படியல்ல. புற்றுநோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமும் தடுக்கிறது. டப்பாவில் மால் எண் இருந்தால் அது பதிவான பொருள் என்றுதான் அர்த்தம்; புற்றுநோயைத் தீர்க்கும் என்று அர்த்தம் அல்ல. பயந்து நிற்பவரின் பணம், எளிதில் வரும் பணம். அதனால்தான் அதைத் தொடும் முன் யோசிக்க வேண்டும்.

கலந்து பேசுவதற்குச் சில கேள்விகள்

நம் கடையில் ஒருவர் நோயுற்றால் அவர் முறையை யார் யார் பங்கிட்டுக்கொள்வது? ஜொகூர் பாருவுக்கு அழைத்துச் செல்லக் கார் உள்ளவர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர்? விடுப்பு உரிமையை நம் தொழிலாளிகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? அடுத்த கூட்டத்துக்கு வருமுன் இவற்றுக்கு விடை எழுதிக்கொண்டு வாருங்கள். தேவை வந்த பிறகு தேடுவதைவிட, பெயர்ப் பட்டியல் கையில் இருப்பது நல்லது.

நோயுற்றோர் யாவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக! அவர்களுக்குப் பாரமாகாத தோழர்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.