வரப்பில் பின்னால் நடந்தவர்

அன்புள்ள கயல்விழிக்கு,

மறைமலைநகர் ஆலையில் மேற்பார்வையாளர் ஆனதும், "ஆட்களின் திறமையை வெளிக்கொண்டுவர என்ன பேச வேண்டும் ஐயா?" என்று கேட்டிருக்கிறாய். பேச்சா? தலைமை என்றாலே உற்சாக உரை என்ற எண்ணத்தை உங்கள் தலைக்குள் யார் ஏற்றினார்களோ, எனக்குக் கோபம்தான் வருகிறது.

வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறதே, அதைப் பற்றி யோசித்துப் பார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் படுத்தது. தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர் பழங்குடிக் குடும்பங்கள் பிழைப்பிழந்தன. வேறு தொழில் கற்றுக்கொடுப்போம் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கருக்கு அப்படித் தோன்றாததற்குக் காரணம், அவரே அவர்களுக்குப் பின்னால் வரப்பில் நடந்து பாம்பு தேடக் கற்றவர் என்பதுதான். வளை வாயில் தேய்ந்த மண், உதிர்ந்த சட்டை, எச்சம் ஆகியவற்றைக் கொண்டே உள்ளே இருப்பது எது என்று சொல்பவர்கள் அவர்கள். அதைக் கூடவே இருந்து பார்த்தவருக்குத்தான் தோலை விட்டு விஷத்துக்கு மாறலாம் என்று தோன்றும். 1978இல் சங்கம் பிறந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து பெருமளவு அந்த விஷத்தில்தான் உருவாகிறது.

2017இல் அந்த இருளர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். முன்பின் பார்த்திராத சதுப்புநிலம். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இந்தத் திறமையை யாரும் ஊட்டி வளர்க்கவில்லையம்மா, அது முன்பே இருந்தது. மதித்துக் கேட்க ஆள் வந்தது, அவ்வளவே.

நிர்வாக நூல்களைவிட, புலி வேட்டைக்காரராக இருந்து எழுத்தாளரான ஜிம் கார்பெட்டை நான் விரும்பிப் படிப்பதும் இதனால்தான். காலாதுங்கிப் பகுதி வேட்டைக்காரர் குன்வர் சிங்கிடம் காடு கற்றதை அவர் மனம்விட்டு எழுதியிருக்கிறார்.

உன் ஷிப்டிலும் இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் ஒருவர் இருப்பார். காலையில் உத்தரவு போடுமுன் அவர் பக்கத்தில் சற்று நேரம் நில். சொல்வதைக் குறித்துக்கொள், குறுக்கே பேசாதே. அவர் சொன்ன திருத்தத்தைத் தள்ளிப்போடாமல் செய். மேலிடத்துக்கு எழுதும்போது அவர் பெயரைப் போடு. இதைத் தினமும் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை கூட்டம் போட்டுக் கைதட்டுவதில் பயனில்லை.

விடுமுறையில் வடநெம்மேலிக்குப் போய்வா. பார்த்ததை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்