சுவடில்லாமல் விழும் சர்வர்

கேள்வி: எங்கள் பில்லிங் சர்வர் சி++இல் எழுதியது, லினக்ஸில் நாள் முழுக்க ஓடுகிறது. சிஸ்டம்டியில் ‘ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்’ கொடுத்திருக்கிறோம். பணம் கட்டும்போது இணைப்பு அறுந்துபோவதாக வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். எங்கள் லாகில் ஒன்றும் இல்லை. விழும் நேரத்தில் புரோகிராமே மெயில் அனுப்பும்படி சிக்னல் ஹேண்ட்லர் எழுதலாமா?

பதில்: வேண்டாம். சிக்னல் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட், வரும்போது புரோகிராமின் மெமரி எந்த நிலையில் கிடக்கிறது என்று சொல்ல முடியாது. மெயிலைத் தயாரிக்க ஹேண்ட்லர் ‘மாலாக்’கைக் கூப்பிடும். விழுந்ததே மாலாக்குக்குள் என்றால் அதன் பூட்டு திறக்காது. ஹேண்ட்லர் அங்கேயே தொங்கிவிடும். செத்திருந்தாலாவது சிஸ்டம்டி எழுப்பியிருக்கும். சிக்னல் 9 வந்தாலோ ஹேண்ட்லர் ஓடவே ஓடாது. விழுந்ததைச் சொல்லும் வேலையை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் சிஸ்டம்டியிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் சர்வீஸின் பெயருடன் ‘சிஸ்டம்சிடிஎல் ஷோ’ கொடுத்து, ‘என்ரீஸ்டார்ட்ஸ்’ எவ்வளவு என்று பாருங்கள். தானாக மறுபடி எழுப்பிய கணக்கு அதில் இருக்கிறது. வேறு நேரம் குறிப்பிடாவிட்டால் 100 மில்லிவிநாடியில் எழுப்பிவிடும். உங்கள் கண்ணில் படாததற்கு அதுதான் காரணம். எந்த சிக்னலில் செத்தது என்பது ஜர்னலில் கிடைக்கும். 11, 6 என்றால் பெரும்பாலும் கோடில் பிழை. 9 என்றால் கெர்னல் லாகையும் பாருங்கள். மெமரி தீர்ந்து கெர்னலே கொன்றிருக்கலாம்.

பலரும் சறுக்குவது ‘ஆன்ஃபெயிலியர்’ என்ற அமைப்பில். அதில் மெயில் ஸ்கிரிப்டைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் சிஸ்டம்டியின் பழைய பதிப்புகளில் ரீஸ்டார்ட் வேலை செய்துகொண்டிருக்கும்வரை சர்வீஸ் ‘ஃபெயில்ட்’ நிலைக்குப் போகாது. 10 விநாடிக்குள் 5 முறை என்ற வழக்கமான வரம்பைத் தாண்டினால்தான் சிஸ்டம்டி கைவிடும். அந்தப் பதிப்புகளில் மணிக்கொரு முறை விழும் சர்வருக்கு மெயிலே வராது. ஆகவே ‘எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்’டில் ஸ்கிரிப்டை வையுங்கள். சர்வீஸ் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அது ஓடும். நின்ற காரணம் ‘சர்வீஸ்_ரிசல்ட்’ என்ற மாறியில் வரும். அது ‘சக்சஸ்’ இல்லையென்றால் மெயில் அனுப்புங்கள்.

பிழை எந்த வரியில் என்று காட்டுவது கோர் டம்ப். சிஸ்டம்டி-கோர்டம்ப் இருந்தால் ‘கோர்டம்ப்சிடிஎல்’லில் எடுக்கலாம். சர்வரில் ஓடும் அதே பில்டின் டீபக் சிம்பல்களைப் பத்திரமாக வைத்திருங்கள். இல்லாவிட்டால் டம்பில் பெரும்பாலும் வெறும் முகவரிகள்தான் தெரியும். உங்களுடையது பணம் புழங்கும் சர்வர். டம்பில் வாடிக்கையாளரின் கார்டு எண் அப்படியே இருக்கக்கூடும். அதை மெயிலில் இணைக்கவே கூடாது. ஸ்டாக் டிரேஸ் மட்டும் போகட்டும்.

சாகாமல் உறைந்து நிற்கும் சர்வரை இவை எதுவும் பிடிக்காது. அதற்கு ‘வாட்ச்டாக்செக்’ இருக்கிறது: குறித்த நேரத்துக்குள் உயிர்க்குறி வராவிட்டால் சிஸ்டம்டி சிக்னல் 6 அனுப்பிக் கொல்லும், டம்பும் கிடைக்கும். அந்த உயிர்க்குறியைத் தனி த்ரெட்டிலிருந்து அனுப்பாதீர்கள். மெயின் லூப் நின்றுபோன பிறகும் அந்த த்ரெட் ‘நலம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.