கோப்பில் எழுதியது வேறு, சர்வரில் நடப்பது வேறு

உபுண்டு சர்வரில் எஸ்எஸ்ஹெச்சை இயக்குவது ஒரு கட்டளை வேலை. ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வர் தொகுப்பை நிறுவினால் போதும், தானே ஓடத் தொடங்கிவிடும். பொது ஐபி உள்ள மெஷின் என்றால் கொஞ்ச நேரத்திலேயே லாக்கில் ரூட், அட்மின், டெஸ்ட் என்ற பெயர்களில் யார் யாரோ பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பது தெரியும். நம்மீது யாருக்கும் பகை இல்லை; 22ஆம் போர்ட் திறந்திருக்கும் இடமெல்லாம் தட்டிப் பார்க்கும் பாட்கள் அவை. போர்ட்டை 2222க்கு மாற்றினால் லாக் சுத்தமாகும். அதைப் பாதுகாப்பு என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பாஸ்வேர்டை அடைத்து, சாவியால் மட்டும் நுழைய விடுவதுதான் உண்மையான பூட்டு. இடி25519 வகைச் சாவி, அதற்கொரு பாஸ்ஃபிரேஸ். சாவியை ஏற்றிய பிறகும் சர்வர் பாஸ்வேர்டு கேட்டால் முதலில் ஹோம் டைரக்டரியின் அனுமதிகளைப் பாருங்கள். குழுவில் மற்றவர்களும் எழுதலாம் என்றிருந்தால் சர்வர் சாவியை ஏற்காது. காரணத்தையும் நம்மிடம் சொல்லாது, தன் லாக்கில்தான் எழுதிவைக்கும்.

நண்பர் ஒருவரின் கிளவுட் சர்வரில் எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் கோப்பில் ‘பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் நோ’ என்று தெளிவாகவே இருந்தது. ஆனாலும் பாஸ்வேர்டு போட்டு நுழைய முடிந்தது. இந்தக் கோப்பில் ஓர் அமைப்பு இரண்டு முறை வந்தால் முதலில் வந்ததுதான் செல்லும். உபுண்டுவில் கோப்பின் தலைமாட்டிலேயே இன்னொரு டைரக்டரியை உள்ளே இழுக்கும் வரி இருக்கிறது. அங்கே 50 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் கோப்பு ‘யெஸ்’ சொல்லிவிட்டிருந்தது. கீழே நூறு முறை ‘நோ’ எழுதினாலும் பலனில்லை. நம் மாற்றங்களை அதே டைரக்டரியில் 01 என்று தொடங்கும் தனிக் கோப்பில் வைத்தால் தீர்ந்தது.

அன்றிலிருந்து கோப்பை நான் நம்புவதில்லை. எஸ்எஸ்ஹெச்டி கட்டளையோடு சின்ன ‘டி’ போட்டால் (டெஸ்ட்டின் டி) எழுத்துப்பிழை இருந்தால் காட்டும். பெரிய ‘டி’ போட்டால் கடைசியில் எந்த அமைப்பு செல்லுபடியாகிறது என்று முழுதாகக் கொட்டும். அதையும் தாண்டி, வேறொரு மெஷினிலிருந்து சாவியே இல்லாமல் நுழைய முயன்று பார்ப்பேன். பாஸ்வேர்டு கேட்காமலே விரட்டினால்தான் திருப்தி.

இந்த வேலை முடியும்வரை முதல் டெர்மினலை மூடக் கூடாது. சேவையை ரீஸ்டார்ட் செய்தாலும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பு அறுந்துபோகாது. இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகே பழையதை விடுங்கள். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்குவதற்கு முன்பே எஸ்எஸ்ஹெச்சுக்கு அனுமதி கொடுத்துவிட வேண்டும். போர்ட்டை மாற்றியிருந்தால் அனுமதியும் அந்த எண்ணுக்குத்தான். உபுண்டு 24.04இல் போர்ட்டை மாற்றுபவர்கள் சிஸ்டம்டியை ரீலோட் செய்து, எஸ்எஸ்ஹெச் சாக்கெட்டையும் ரீஸ்டார்ட் செய்தால்தான் மாற்றம் நடப்புக்கு வரும்.

சாவி இருந்தும் காப்பாற்றாத நாட்கள் உண்டு. 2024 ஜூலையில் வெளியான ‘ரெக்ரெஷன்’ ஓட்டை, உள்நுழைவதற்கு முன்பே தாக்க வழிவிட்டது. ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8 பதிப்பில் அதை அடைத்தார்கள். தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட்டை அணைத்து வைக்காதீர்கள். வீட்டிலிருந்து நீங்கள் மட்டும் நுழையும் மெஷின் என்றால் எஸ்எஸ்ஹெச் போர்ட்டை இணையத்துக்கே காட்டாமல் வயர்கார்டு விபிஎன்னுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்.