இருளைப் பார்க்கப் பழகும் கண்

ஏரிக்கரைக்குச் சென்று பறவைகளைப் படம் எடுக்கும் வழக்கமுடைய அன்பர் ஒருவர், விடியுமுன் வரப்பில் இடறி விழுந்து, மணிக்கட்டு முறிவுடன் எங்களிடம் வந்தார். பல மாதங்களாக விண்மீன்களும் முன்போலத் தெரியவில்லை என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வயதாகிவிட்டது என்று எண்ணியிருந்தார். கண் பிரிவில் பரிசோதித்தபோது, நீரிழிவு அவரது விழித்திரையைப் பாதித்திருப்பது தெரிந்தது. இம்மாதப் பாடத்திற்கு அவரே காரணம்.

விழித்திரையில் இருவகை செல்கள் ஒளியை உணர்கின்றன. கூம்பு செல்கள் பகலொளிக்கும் நிறங்களுக்கும் உரியவை. குச்சி செல்கள் மங்கிய ஒளிக்கு உரியவை. குச்சி செல்களிலுள்ள ரொடாப்சின் என்னும் நிறமி ஒளிபட்டுச் சிதையும். இருளில் மெல்லத் திரும்ப உருவாகும். அதற்கு வைட்டமின் ஏ வேண்டும். அது மிகக் குறைந்தால் மாலைக்கண் வரும். விளக்கெரியும் வார்டிலிருந்து மொட்டைமாடிக்கு வந்தவுடன் வானம் வெறுமையாகத் தோன்றுவதும் இந்நிறமியாலேயே. 20 முதல் 30 நிமிடங்கள் பொறுத்திருந்தால் விண்மீன்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். இடையில் கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் காத்திருந்த பயன் பெரும்பாலும் போய்விடும். மங்கிய சிவப்பொளி அவ்வளவாகக் கெடுக்காது. ஆதலால் வானம் பார்ப்போர் டார்ச்சின் முகப்பில் சிவப்புத்தாள் ஒட்டிக்கொள்வர். (நோயாளிகள் செவிலியரிடம் சொல்லாமலும் துணையின்றியும் மாடியேற வேண்டாம்.)

இன்னொன்றும் உண்டு. விழித்திரையின் நடுக்குழியில் குச்சி செல்கள் இல்லை. ஆகவே மங்கிய விண்மீனை நேராக நோக்கினால் மறையும். சற்றே விலகி நோக்கினால் தெரியும். தை மாத முன்னிரவில் தலைக்கு மேலே நிற்கும் கார்த்திகைக் கூட்டத்தில் இதைச் சோதித்துப் பாருங்கள். இருண்ட ஊரில் நல்ல கண்ணுக்கு ஆறு விண்மீன்கள் தென்படும். நகர வெளிச்சத்தில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். எண்ணிக்கையைவிட ஒப்பீடே முக்கியம். அருகிலிருப்பவருக்குத் தெரிவது அரைமணி கழிந்தும் உங்களுக்குத் தெரியவில்லையா? சென்ற ஆண்டு தெரிந்தது இவ்வாண்டு மறைந்துவிட்டதா? ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் நிலா இரண்டாகத் தோன்றுகிறதா? கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம், புரையாகவும் இருக்கலாம். கடுமையான கண்வலியுடன் விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் மட்டும் விடியும்வரை காத்திராதீர்கள். அது திடீர்க் கண்ணழுத்த நோயாக இருக்கக்கூடும். அன்றிரவே வந்துவிட வேண்டும்.

அந்த அன்பருக்கு லேசர் சிகிச்சை தேவைப்பட்டது. அது பார்வையைக் காக்கும். ஆயினும் விழித்திரையின் ஓரப்பகுதியில் செய்யப்படுவதால் இரவுப்பார்வையை மேலும் சற்றுக் குறைக்கக்கூடும். இதை மறைக்காமல் முன்னரே சொன்னோம். இரண்டு நாள் யோசித்தபின் ஒப்புக்கொண்டார்.

இப்போது வீட்டு மாடியில் முக்காலி மேல் கேமராவை நிறுத்தி, பத்து வினாடி திறந்து வைக்கிறார். கேமரா அத்தனை வினாடியும் விழும் ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். எந்தக் கண்ணாலும் அது இயலாது. தம் கண்ணுக்குத் தென்படாத விண்மீன்களைப் படத்தில் எண்ணுவதாகச் சொன்னார். ஏரிக்குச் செல்வதை மட்டும் விடிந்த பின்னர் என்று மாற்றிக்கொண்டார். நாமக்கோழிகளும் நீர்க்காகங்களும் அந்நேரத்திலும் அங்கேதான் இருக்கின்றனவாம்.