பருத்தி விலையும் பங்குச் சந்தையும்: 1865 தரும் பாடம்

உலகின் ஒரு கோடியில் நிகழும் மாற்றம் மறுகோடியிலுள்ள முதலீட்டாளரின் சேமிப்பைப் பாதிப்பது புதிதன்று. 1865ஆம் ஆண்டிலேயே பம்பாய் இதனை உணர்ந்தது.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி கிடைப்பது அரிதாகவே, இந்தியப் பருத்திக்குப் பெருங்கிராக்கி ஏற்பட்டது. 1854இல் கல்யாணை எட்டிய இருப்புப்பாதை 1863இல் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்தது. தக்காணப் பருத்தி கல்யாண் வழியாகத் துறைமுகத்தை அடைந்தது. பருத்தியில் ஈட்டிய இலாபம் பங்குகளில் பாய்ந்தது. பங்குகளையே ஈடாக ஏற்றுக் கடனும் வழங்கப்பட்டது.

1865இல் போர் முடிந்ததும் பருத்தி விலை வீழ்ந்தது. ரூ.2,850 வரை விற்ற பம்பாய் வங்கிப் பங்கு ரூ.87க்கு இறங்கியது. பின்னர்ப் பணம் தருவதாகப் பேரம் செய்திருந்தோர் கணக்குத் தீர்க்க வேண்டிய ஜூலை 1ஆம் நாளன்று பலர் நொடித்துப்போயினர்.

விலை வீழ்ச்சி அனைவரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. கடன்பட்டு வாங்கியவர் இறங்கிய விலையிலேயே விற்க நேரிடுகிறது. சொந்தச் சேமிப்பைக் கொண்டு வாங்கியவர் காத்திருக்க இயலும். கொரோனா அச்சத்தால் 2020 மார்ச் 23 அன்று மும்பையின் சென்செக்ஸ் குறியீட்டெண் ஏறத்தாழ 13 விழுக்காடு சரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் முந்தைய உச்சத்தைத் தாண்டியது. ஆனால், காத்திருத்தல் மட்டுமே காப்பாகாது. பழைய பம்பாய் வங்கி மீளவில்லை, 1868இல் மூடப்பட்டது.

எனவே, அன்றாடச் சந்தைச் செய்தியைப் படிக்கும் முதலீட்டாளர் மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் வேண்டும்: பணம் யாருடையது? எப்போது தேவைப்படும்? நிறுவனத்தின் அடிப்படை உறுதியானதா?