டாவின்சி ரிசால்வில் கேஷ்: டிரைவ் நிரம்புவதற்கு முன்னால்

டாவின்சி ரிசால்வில் சில நாள் தொடர்ந்து எடிட் செய்துவிட்டு டிரைவைத் திறந்து பாருங்கள். ஃபுட்டேஜ் அளவைக் கூட்டினால் கணக்கு உதைக்கும். காணாமல் போன இடத்தைப் பெரும்பாலும் ரெண்டர் கேஷ்தான் பிடித்திருக்கும். கனமான காட்சிகள் திக்காமல் ஓடுவதற்காக ரிசால்வ் அவற்றை முன்கூட்டியே ரெண்டர் செய்து டிஸ்கில் எழுதி வைக்கிறது. டைம்லைனுக்கு மேலே கோடு சிவப்பாக இருந்தால் இன்னும் எழுதவில்லை. நீலமாகிவிட்டால் எழுதி முடித்தாயிற்று.

முதலில் இடம். வலது கீழ் மூலையிலுள்ள பற்சக்கரத்தை அழுத்தி, புராஜெக்ட் செட்டிங்ஸில் மாஸ்டர் செட்டிங்ஸ், அதில் ஒர்க்கிங் ஃபோல்டர்ஸ் பகுதிக்குப் போங்கள். கேஷ் ஃபைல்ஸ் லொகேஷன் சி டிரைவைக் காட்டினால் வேறொரு எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். யுஎஸ்பியில் செருகும் பழைய ஹார்ட் டிஸ்க் இதற்கு ஆகாது. படம் ஓடும் வேகத்துக்குப் படிக்க முடியாவிட்டால் கேஷ் இருந்தும் பயனில்லை. மாற்றுவதற்கு முன் பழைய கேஷை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் அது பழைய ஃபோல்டரிலேயே கேட்பாரற்றுக் கிடக்கும். இந்த அமைப்பு அந்த ஒரு புராஜெக்ட்டுக்கு மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதே பக்கத்தில் ரெண்டர் கேஷ் ஃபார்மட் இருக்கிறது. பலர் தொடாமல் விடும் இந்த ஒரு வரியில்தான் அதிக இடம் மிச்சமாகும். 3840×2160 அளவில், விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படம் புரோரெஸ் 422 எச்கியூவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 ஜிபி பிடிக்கும். 422 எல்டியில் அதில் பாதிகூட வராது. மேக்கில் எல்டியும் விண்டோஸில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எஸ்கியூ அல்லது எல்பியும் எடிட்டிங்குக்குத் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. ஒரே ஒரு எச்சரிக்கை: டெலிவர் பக்கத்தின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'யூஸ் ரெண்டர் கேஷ்டு இமேஜஸ்' என்ற பெட்டியில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் இந்த மட்டமான தரமே இறுதிப் படத்துக்குள் போய்விடும்.

அடுத்து பிளேபேக் மெனுவில் ரெண்டர் கேஷ். 'ஸ்மார்ட்' என்று வைத்தால் எச்.264, கேமரா ரா போன்ற கனமான கோப்புகளையெல்லாம் ரிசால்வே தேர்ந்தெடுத்து எழுதும். போனிலும் டிரோனிலும் எடுத்த ஃபுட்டேஜ் நிறைய இருந்தால் டிரைவ் மளமளவென்று நிரம்பும். இடம் குறைவாக உள்ளவர்களுக்கு 'யூசர்' நல்லது. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்ட கிளிப்பை ரைட் கிளிக் செய்து, ரெண்டர் கேஷ் கலர் அவுட்புட்டை ஆன் செய்தால் அது மட்டும் எழுதப்படும்.

அழிப்பதற்கும் அதே மெனுதான்: டெலீட் ரெண்டர் கேஷ். வேலை நடக்கும்போது 'அன்யூஸ்டு' போதும். மாற்றி மாற்றி கிரேட் செய்ததில் சேர்ந்த பழைய கேஷ் போய்விடும். படம் கைமாறிய பிறகு 'ஆல்'. எதை அழித்தாலும் ஃபுட்டேஜுக்கும் எடிட்டுக்கும் ஒன்றும் ஆகாது. தேவைப்பட்டால் ரிசால்வ் மறுபடி எழுதிக்கொள்ளும், நேரம்தான் செலவு.

ஆனால் எக்ஸ்புளோரரிலோ ஃபைண்டரிலோ போய்க் கையால் அழிக்காதீர்கள். 'கேஷ்கிளிப்' ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே '.கேலரி' என்ற ஃபோல்டரும் இருக்கலாம். நீங்கள் சேமித்த ஸ்டில்கள் அதில்தான் இருக்கின்றன. அது போனால் திரும்ப வராது.

புராஜெக்ட்டையே நீக்கப் போகிறீர்களா? முதலில் அதைத் திறந்து கேஷை அழியுங்கள், அப்புறம் புராஜெக்ட்டை நீக்குங்கள். வரிசை மாறினால், எழுத்தும் எண்ணும் கலந்த நீளப் பெயர்களோடு ஃபோல்டர்கள் மட்டும் மிஞ்சும். எது எந்தப் படத்துடையது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது.