சாதகத்தில் இல்லாத இருமல்

வெள்ளவத்தையில் கலியாணப் பேச்சு தொடங்கினால் முதலில் சாதகம் போகும், பிறகு படம் போகும். கடைசியில் யாராவது ஒரு மாமி குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "அந்தக் குடும்பத்தில சயரோகம் இருந்ததாமே?" சயரோகம், அதாவது காசநோய், காற்றில் வருகிற நோய். அதே பேச்சில் மாப்பிள்ளையும் பெண்ணும் மச்சான் மச்சாளாக இருக்கலாம், இரண்டு வீட்டிலும் பச்சைக் குழந்தைகள் நெஞ்சுச் சளியில் போயிருக்கலாம். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. தொற்றைப் பரம்பரை என்கிறோம், பரம்பரையைத் தலைவிதி என்கிறோம். கீழே உள்ளதெல்லாம் இந்தக் குழப்பத்தை மனதில் வைத்து எழுதியது.

செய்ய வேண்டியவை

● முன்னர் பிறந்த பிள்ளை கடும் தொற்றில் இறந்திருந்தால், அடுத்த பிள்ளைக்குக் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடமுன் டொக்டரிடம் சொல்லுங்கள். இலங்கையில் அந்த ஊசி பிறந்த கையோடு, வீட்டுக்கு வெளிக்கிடமுன்பே போட்டாகிவிடும். ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி. மாட்டுக்குக் காசநோய் தரும் கிருமியை கல்மெத், கெரின் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1908 முதல் 1921 வரை 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் குறைத்தார்கள். ஏன் குறைந்தது என்பது அவர்களுக்கே தெரியாது. பல பத்தாண்டுகள் கழித்து மரபணுக்களை ஒப்பிட்டபோதுதான், அந்த வளர்ப்பில் கிருமி தன் மரபணுத் துண்டு ஒன்றைத் தொலைத்திருந்தது புரிந்தது. (பாடசாலையில் நாங்கள் பரம்பரையலகு என்று படித்ததுதான் மரபணு. பழைய சொல்லே எனக்குப் பிடிக்கும். கிருமிக்கும் ஒரு பரம்பரை உண்டு என்பதை அது மறக்கவிடாது.) மற்றப் பிள்ளைகளுக்கு அந்த நோஞ்சான் கிருமி காவல். நோயெதிர்ப்புக்கான மரபணு ஒன்று பிறவியிலேயே பழுதான பிள்ளைக்கோ, உடலெங்கும் பரவ அதுவே போதும். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவில் இத்தகைய குறைபாடுகளைப் பரிசோதிக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு ஊசியே வேண்டாமென்று நிற்க வேண்டாம். அது வேறு ஆபத்து.

● இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் மார்பு நோய் கிளினிக்குக்குப் போய்ச் சளி கொடுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு "ஒன்றுமில்லையாம்" என்று திரும்புகிறவர்கள் பலர். காலையில் எழுந்தவுடன் நெஞ்சின் அடியிலிருந்து காறி எடுப்பதுதான் சளி. ஜீன்எக்ஸ்பேர்ட் என்ற இயந்திரம் காசநோய்க் கிருமியின் ஒரு மரபணுவில் 81 எழுத்து நீளமான சிறு இடத்தைத் தேடி, ரிஃபம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்பதையும் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் சொல்லிவிடும். கிருமியை வளர்த்துப் பார்ப்பதென்றால் வாரக் கணக்கு.

● பிறந்ததிலிருந்து சளி இருமல், சாப்பிட்டும் உடம்பு வைக்கவில்லை, முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறது என்றால் வியர்வையில் குளோரைட் அளவைப் பார்க்கக் கேளுங்கள். கொழும்பு வெக்கையில் எல்லோரும் உப்புத்தான். 60 அலகைத் தாண்டினால்தான் கதை வேறு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற இந்தப் பரம்பரை நோயின் மரபணு 1989இல் கண்டுபிடிக்கப்பட்டது. வெள்ளைக்காரர் நோய் என்று ஒதுக்கிவிடாதீர்கள், இலங்கைப் பிள்ளைகளிலும் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் விகாரம் எங்கள் பக்கத்தில் அவ்வளவு இல்லை. ஆகவே அதை மட்டும் தேடும் பரிசோதனையில் "இல்லை" என்று வந்தாலும் விடயம் முடியவில்லை.

● சளிப் பரிசோதனைத் துண்டுகளைக் கிளினிக் கொப்பிக்குள் திகதி வாரியாக ஒட்டி வையுங்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள நுரையீரலில் சூடோமோனாஸ் என்ற கிருமி குடியேறினால், வருடக்கணக்கில் தன் மரபணுவை மாற்றி வழுவழுப்பான போர்வை போர்த்திக்கொள்ளும். பெயர் அதேதான், மூன்று வருடத்துக்கு முன் வேலை செய்த மருந்து இப்போது செய்யாது.

செய்யக்கூடாதவை

● இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் காசநோய்க் குழுசையை நிறுத்தாதீர்கள். நுரையீரலில் குழி விழுந்த இடத்தில் பத்துக் கோடி கிருமிகள் இருக்கலாம். ரிஃபம்பிசினுக்கு மசியாத கிருமி ஏறக்குறைய பத்துக் கோடியில் ஒன்று, ஐசோனியாசிட்டுக்கு மசியாதது பத்து இலட்சத்தில் ஒன்று, தற்செயலாகவே பிறந்திருக்கும். இரண்டுக்கும் மசியாதது வேண்டுமென்றால் இரண்டையும் பெருக்க வேண்டும்: ஒன்றுக்குப் பின்னால் 14 சைபர். நாலு மருந்தைச் சேர்த்துத் தருவது இந்தக் கணக்கில்தான்; ஆறு மாதம் இழுப்பது, மெதுவாகவே சாகும் மிச்சக் கிருமிகளையும் முடிக்க. நடுவில் விட்டால் கணக்குக் கிருமியின் பக்கம் சாயும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபம்பிசினின் நிறம், இரத்தமல்ல; அதற்குப் பயந்து நிறுத்தியவர்களும் உண்டு.

● காலி வீதிப் பாமசியில் "நல்ல ஸ்ட்ரோங்கான அன்டிபயோட்டிக்" என்று லெவோஃப்ளொக்சசின் வாங்கி விழுங்காதீர்கள். காசநோயை அது பாதி அமுக்கும், இருமல் குறையும், நோய் பிடிபட மாதங்கள் போகும்.

● எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரிந்தால் படத்தைத் திருப்பிப் பிடித்ததாக நினைக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் பிறவியிலேயே அசையாத ஒரு பரம்பரை நோய் உண்டு. அதில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு உள்ளுறுப்புகள் இடம் மாறியிருக்கும்.

● கொட்டாஞ்சேனைத் தோட்டத்து அறையில் நோயாளியின் கோப்பையைப் பிரித்து வைத்துவிட்டு யன்னலைச் சாத்தாதீர்கள். கோப்பையால் காசநோய் பரவாது. யன்னல்தான் மருந்து.

● நீரிழிவுக்காரர் மழை காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டாம். மண்ணிலிருந்து வரும் மெலியோய்டோசிஸ் காசநோய் போலவே வேஷம் போடும். இலங்கையில் 1927இலேயே பதிவான நோய்.

● "தாயின்ர பக்கத்துக் குறை" என்று சொல்லாதீர்கள். மேலே சொன்ன சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் போன்றவை வர, தகப்பனும் ஒரு பழுதான பிரதியைக் கொடுத்திருக்க வேண்டும். இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. மூன்று பிள்ளை சுகமாகப் பிறந்ததென்று நாலாவதுக்குக் கணக்கு மாறாது.

● அந்த மாமியிடம் பொய் சொல்லாதீர்கள். "இருந்தது மாமி, ஆறு மாதம் குழுசை போட்டார், மாறிட்டுது" என்று சொல்லிவிட்டு, அவர்கள் வீட்டில் சின்ன வயதிலேயே போன பிள்ளைகள் எத்தனை என்று திருப்பிக் கேளுங்கள்.